புராண ஓவியப் படிகள்

ஒரு மூல ஓவியத்தைப் பார்த்து, அதே வண்ணமும் அமைப்பும் வரும்படி தூரிகையால் மறுபடி எழுதுவது படி ஓவியம். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூஜைக் கடைகளில் பிரேம் போட்டுத் தொங்கும் லட்சுமி, சரஸ்வதி படங்கள் பெரும்பாலும் அச்சுப் படங்களே. ஆனால் அவற்றின் வம்சாவளியைத் தேடிப் போனால், படியெடுத்த கைகளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

படி என்றால் மட்டம் என்று நினைக்கிறோம். கிரேக்கப் புராண ஓவியங்களின் கதை இதற்கு நேர் எதிரானது. பண்டைய கிரேக்கத்தின் புகழ்பெற்ற ஓவியர்கள் மரப்பலகையில் எழுதியவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. நிகியாஸ் எழுதிய ‘பெர்சியஸும் ஆந்திரோமீடாவும்’ அழிந்துவிட்டது. பொம்பெயி நகரத்து வீடொன்றின் சுவரில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அதன் படியாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இத்தாலிய ஓவியர் டிஷியன் 1562-இல் முடித்த ‘யூரோப்பா’ என்ற கிரேக்கப் புராண ஓவியத்தை 1628-29-இல் மாட்ரிட் வந்திருந்த ரூபன்ஸ் படியெடுத்தார். அப்போதே அவர் ஐரோப்பா அறிந்த பெரிய ஓவியர். ஆனாலும் மாணவனைப் போல இன்னொருவர் ஓவியத்தின் முன் நின்றார். மூலம் கைமாறிக் கைமாறி 1896-இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய்விட்டது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருப்பது ரூபன்ஸ் எழுதிய படி. பாரிஸ் லூவரில் இன்றும் அனுமதி பெற்றுப் படியெடுக்கலாம். அளவு மட்டும் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ இருக்க வேண்டும்.

நம் புராணங்களுக்கு எண்ணெய் வண்ண உருவத்தைத் தந்தவர் ராஜா ரவி வர்மா (1848–1906). திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர், மதுரைக்காரரான ராமசாமி நாயுடு, அவருக்குத் தொழில் சொல்லித்தர மறுத்தார். நாயுடுவின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கற்றுத்தந்தார் என்று சொல்வார்கள். 1868-இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் எழுதுவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்துப் பார்த்து எழுதித் தேறிய கை அது. 1888-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் 14 புராண ஓவியங்கள் கேட்கும் அளவுக்குப் பெயர் வளர்ந்தது.

ஆனால் அரண்மனைச் சுவரில் உள்ள சீதையைக் குடியானவர் எப்படிப் பார்ப்பார்? பரோடாவில் திவானாக இருந்த மாதவராவ், தேர்ந்த சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சு எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். 1894-இல் ரவி வர்மா பம்பாயிலேயே அச்சகம் தொடங்கினார். அந்த அச்சுக்குப் பின்னாலும் கைவேலைதான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கலைஞர் மூலத்தைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் படங்களுக்கு இன்னொரு கைவேலையும் சேர்ந்தது. படத்திலுள்ள சேலையின் மேல் நிஜத் துணியை ஒட்டி, கரைக்குச் சரிகை ஓட்டி, நகைக்கு ஜமிக்கியும் மணியும் வைத்து அம்மனை உடுத்தினார்கள். உற்றுப் பார்த்தால் முகமும் கைகளும் மட்டும் அச்சு. மற்றதெல்லாம் ஊசி வேலை. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தாரின் சொந்த ஊர் வீடுகள் இவை. ஒரே ஒரு பிரதியாக மாறிவிட்ட இந்தப் படங்களை வெறும் அச்சு என்று தள்ளுவது நியாயமில்லை.

ரவி வர்மாவின் வழியைத் தமிழ்நாட்டில் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் சீடர்களும் எழுதியவை சிவகாசி காலண்டர்களாகக் கடல் தாண்டின. மலேசியத் தமிழர் வீட்டு முருகனின் சாயலில் கோவில்பட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று கோலாலம்பூரில் கையால் எழுதிய படம் வேண்டுவோர், மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தே சென்ட்ரல் மார்க்கெட் போகலாம். அந்தப் பக்கம் படம் வரைந்து தரும் ஓவியர்களின் கடைகள் உண்டு. வேலை முறை பழையதுதான். மூலத்தின் மேலும் கேன்வாஸின் மேலும் ஒரே விகிதத்தில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக உருவத்தை மாற்றுவார்கள். பிறகு பழுப்பில் ஒளி-நிழல், அதன்மேல் உடல் வண்ணம், கடைசியில் கண்ணும் நகையும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கள் ஆகும்; உள்வரை காய மாதங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் கேன்வாஸ் தளரும், பூஞ்சை பிடிக்கும். ஈரம் ஊறும் சுவரில் மாட்டக்கூடாது.

அச்சா கைவேலையா என்று தெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இன்றைய அச்சில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகளோ மை தெளித்த துளிகளோ தெரியும். சில கடைகளில் கேன்வாஸில் அச்சடித்து மேலே பசை தடவித் தூரிகைத் தடம் காட்டுவார்கள். படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் விளக்குப் பிடித்தால், தடம் ஒரு பக்கமும் உருவத்தின் கோடு வேறு பக்கமும் போவது தெரிந்துவிடும்.

சட்டப்படி, ஓவியர் மறைந்து மலேசியாவில் 50 ஆண்டும் இந்தியாவில் 60 ஆண்டும் பதிப்புரிமை நீடிக்கும். ஆகவே ரவி வர்மா ஓவியத்தை யாரும் படியெடுக்கலாம். கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு இந்தியாவில் காலம் இன்னும் முடியவில்லை. 1979-இல் ரவி வர்மாவின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டதால், மூல ஓவியங்களை விற்பனைக்காக இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ‘அண்மையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரிஜினல் ரவி வர்மா’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். படி என்று சொல்லி விற்பவரிடம் தைரியமாக வாங்கலாம்; வாங்கும்போது கேன்வாஸின் பின்பக்கம், எழுதியவர் பெயரையும் ஆண்டையும் அவர் கையாலேயே எழுதித் தரக் கேளுங்கள்.