கல்லில் தமிழ், காலில் மிதிவண்டி: பெங்களூர்ச் சிற்றூர்களில் ஒரு வரலாற்று உலா

பிரான்சு நாட்டில் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் ஊர்விட்டு ஊர் போவது பழைய தேவாலயத்தையும் கோட்டையையும் பார்ப்பதற்காகவும்தான். அழகிய சிற்றூர்களைக் காப்பதற்கென்றே 1982-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கி, இன்ன இன்ன ஊர் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் பெங்களூரிலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நந்தி மலைக்குக் கிளம்பும் கூட்டம் பெரிது. ஆனால் வழியில் எத்தனை பழைய ஊர்களைத் தாண்டிப் போகிறோம் என்று யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை. அந்த ஊர்களில் பலவற்றில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்பது நம்மவர்களுக்கே புதுச் செய்தி.

நான் பல ஆண்டுகளாக இந்த வழிகளில் சைக்கிளில் சுற்றி வருகிறேன். கார் ஆகாது, வேகம் அதிகம். நடையும் ஆகாது, நாள் போதாது. சைக்கிள்தான் சரி. ஒரு வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடக்கும் கல்லைக் கண்டால் உடனே ஒரு காலை ஊன்றி நின்றுவிடலாம்.

புறப்படுமுன் கொஞ்சம் வரலாறு. கி.பி. 1004 வாக்கில் முதலாம் இராசராசனின் படை கங்கர்களின் தலைக்காட்டைப் பிடித்தது. தலைக்காடு இராசராசபுரம் ஆயிற்று. கோலார்ப் பக்கம் நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. இன்றைய எலகங்கா, கல்வெட்டுத் தமிழில் இலைப்பாக்க நாடு. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1117-ஐ ஒட்டி, போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டுக்கொண்டான். அத்தோடு தமிழ் மறைந்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? மறையவில்லை. 1254-ல் போசள நாடே இரண்டாகப் பிரிந்து, தமிழகப் பகுதியோடு கோலார்ப் பக்கமும் இராமநாதன் பங்குக்கு வந்தது. அவன் இருந்தது திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில். ஆக, கன்னட அரச மரபு ஒன்றின் ஆணைகள் பெங்களூர்ச் சிற்றூர்களில் தமிழில் வெட்டப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் வல்லாளன் காலம் வரை இந்த வழக்கம் தொடர்ந்தது.

இவற்றையெல்லாம் படியெடுத்து அச்சில் ஏற்றியவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837-ல் இதே பெங்களூரில் பிறந்தவர். அவருடைய 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் மாவட்டத்துக்கு ஒன்பதாம் தொகுதி, கோலாருக்குப் பத்தாம் தொகுதி. இரண்டும் 1905-ல் வந்தவை. என் வழிகாட்டி அந்த ஒன்பதாம் தொகுதிதான்.

முதல் சவாரியைத் தொம்மலூரில் தொடங்கலாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மேம்பாலத்தில் வண்டி நெரிசல் இராது. மேட்டின்மேல் சொக்கநாதசுவாமி கோயில். மதுரைக்காரர்கள் பெயரைக் கேட்டு விபூதியோடு போவார்கள். உள்ளே இருப்பதோ பெருமாள், கல்வெட்டில் 'சொக்கப்பெருமாள்'. ஊருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். 'தேசி' என்றால் நாடு நாடாகச் சுற்றி வாணிகம் செய்த குழுவினர், 'பட்டணம்' அவர்கள் தங்கி விற்ற ஊர். அப்படியானால் இது வெறும் ஏரிக்கரைக் கிராமமாக இருந்திருக்க முடியாது, வியாபாரிகள் கூடிய இடம் என்பது என் துணிபு. 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்த செய்தி இருக்கிறது. போர் இல்லை, மெய்க்கீர்த்தி ஆரவாரம் இல்லை. ஒரு மனிதர் கோயில் வாசலுக்கு இரண்டு கால் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு அது சக்கரவர்த்திகளின் தானத்தைவிடப் பிடித்தது. 1290-ல் இராமநாதனின் கொடையும் உண்டு.

அங்கிருந்து தெற்கே மடிவாளம். சில்க் போர்டு நெரிசலில் நம்மில் பாதிப்பேர் ஆயுளைக் கழித்திருக்கிறோம், பக்கத்துத் தெருவில் சோமேசுவரர் கோயில் இருப்பதைப் பார்த்ததில்லை. 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தை வேப்பூர்க்காரர் ஒருவர் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். வெங்காலூர் நம் பெங்களூர்தான். வேப்பூர் இன்றைய பேகூர்.

அந்த வேப்பூருக்கே அடுத்து போய்விடலாம், எட்டுக் கிலோமீட்டர்தான் இருக்கும். (நாய்கள் துரத்தும், மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி நின்றால் விட்டுவிடும்.) பேகூர்க் கோயிலில் இருக்கும் கல் தமிழில்லை, பழங்கன்னடம். ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த அந்த நடுகல்லில் பெங்களூர்ப் போர் என்ற சொல் வருகிறது. வல்லாள அரசன் காட்டில் வழிதவறி, கிழவி கொடுத்த வெந்த காளைத் தின்றதால் 'பெந்தகாளூர்' என்று பெயர் வந்ததாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அந்தக் கதையை இந்தக் கல் முடித்து வைத்துவிட்டது. வல்லாளர்கள் தலையெடுப்பதற்கு முன்பே ஊர்ப்பெயர் இருக்கிறது.

பேத்தியை ஒருமுறை அழைத்துப் போனேன். அவள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள், தமிழைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். "தாத்தா, இது எங்க மிஸ் சொல்லிக்குடுத்த எழுத்து மாதிரியே இல்லியே?" என்றாள். "மடிவாளத்துல இருக்கிறது எனக்கும்தான் அப்படியே ஓடாதும்மா" என்றேன். அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கூட்டங்களில் சிலர் எழுந்து, "இந்த ஊரே ஒரு காலத்தில் நம்முடையது" என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முழக்கத்தின் விலை தெரியும். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அது உண்மையும் இல்லை. 2018-ல் எப்பாலில் வடிகால் தோண்டும்போது கிடைத்த கிட்டய்யன் நடுகல் ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சேர்ந்தது, கன்னடம். சோழர் வருவதற்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியது. அதற்காக, "தமிழர்கள் வெள்ளைக்காரன் தண்டோடு வந்த கூலிகள்" என்று மறுபக்கம் சொல்கிறார்களே, அதுவும் நிற்காது. 1247-ல் ஏரிக்குக் கீழே நிலம் எழுதிக்கொடுத்தவர் எந்தத் தண்டோடு வந்தார்?

இதற்கு நல்ல சாட்சி காடுகோடியில் இருக்கிறது. இது இரண்டாவது சவாரி, ஒயிட்பீல்டு சாலையில் கிழக்கே. காசி விசுவேசுவரர் கோயிலில் 1043-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, இராசேந்திர சோழன் காலம். பட்டந்தூர் ஏரியைக் கட்டி, மதகு வைத்து, பிள்ளையாருக்கும் துர்க்கைக்கும் சேத்திரபாலருக்கும் கோயில் எடுத்தவர் இராசராச வேளான். அவருடைய தகப்பனார் பெயர் என்ன தெரியுமா? பெர்மாடி காவுண்டன். அப்பா பெயர் கங்க நாட்டுக் கன்னடப் பெயர், மகன் பெயர் சோழப் பட்டம். தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கிய அதிகாரி என்று இவரைச் சொல்வது கடினம். உள்ளூர்க் குடும்பம், புதிய ஆட்சியில் புதுப் பெயர் சூட்டிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. இவரைத் தமிழர் என்பதா, கன்னடர் என்பதா? அவருக்கு அந்தக் கேள்வியே புரிந்திருக்காது. ஏரிக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருப்பார். மதகைத் தமிழில் தூம்பு என்போம், கன்னடத்தில் தூபு. இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள் என்பதற்கு இந்தச் சொல்லும் சாட்சி.

அந்த ஏரி இன்னும் இருக்கிறது, சுருங்கிப் போய், கணினி வளாகங்களுக்கு நடுவே. 2023-ல் ஊதா வழி மெட்ரோ அந்தப் பக்கம் வந்தபோது ஒரு நிலையத்துக்குப் பட்டந்தூர் அக்ரஹாரா என்றே பெயர் வைத்தார்கள். சைக்கிள் மிதிக்க முடியாத பெரியவர்கள் மெட்ரோவிலேயே போய்வரலாம்.

கால்வலு உள்ளவர்கள் அப்படியே ஹொசகோட்டை வழியாகக் கோலாருக்குப் போகலாம். போக வர நூற்றைம்பது கிலோமீட்டர்போல ஆகிவிடும், பழகாமல் இறங்கவேண்டாம். ஹொசகோட்டையில் விடியுமுன்னே தம் பிரியாணிக்கு வரிசை நிற்கும், சைவர்களுக்கு இட்லிக் கடையும் உண்டு. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைச் சுவரிலேயே பார்க்கலாம். வடக்கே போகிறவர்கள் 1,478 மீட்டர் நந்தி மலையை ஏறி மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அடிவாரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிச் சோழரும் பிறரும் கைவைத்த போகநந்தீசுவரர் கோயிலை விட்டுவிட்டு. மேற்கே நெலமங்கலத்தருகே பின்னமங்கலத்தில் முத்திநாதேசுவரர் கோயில், 1110-ஆம் ஆண்டு, முதலாம் குலோத்துங்கன் காலத் தமிழ். அங்கே போகும் நெடுஞ்சாலை லாரிச் சாலை, ஓரமாகவே போகவேண்டும்.

ரைஸ் பார்த்த கற்களில் பெரும்பகுதி இன்று அந்தந்த இடத்தில் இல்லை. சாலை அகலமானது, மனை பிரிந்தது, கல் போனது. ஒரு சிற்றூரில் எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் திருப்பணி என்று சுவர் முழுக்கப் பளபளப்புப் பெயின்ட். அந்த அம்மாவையும் தருமகர்த்தாவையும் திட்டிப் பயனில்லை, அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்ச காலமாக நிலைமை மாறிவருகிறது. 1909-ல் தொடங்கிய மிதிக் சொசைட்டியின் சார்பில், 2021-லிருந்து பெங்களூர் வட்டாரக் கற்களை முப்பரிமாணத்தில் படியெடுத்து வருகிறார்கள். கன்னடக் கல், தமிழ்க் கல் என்று அவர்கள் பிரிப்பதில்லை.

ஆகவே போகிறவர்கள் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியும் போதும். கல்லில் மாவு பூசாதீர்கள், சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை வரையாதீர்கள். காலை ஏழு மணிக்குமுன் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுத்தால் எழுத்து தானே எழும்பி நிற்கும். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் மொழியிலேயே, "இது நிம்ம ஊரின் சாசன, ஆயிரம் வருஷம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் கல்லின்மேல் துணி இருக்காது.