எண் எந்தக் கேள்விக்குப் பதில்? சிங்கப்பூரில் மாணவரை அளந்த வரலாறு



தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீங்க? மதிப்பெண்ணைத்தானே! சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அதே தாளில் வகுப்பில் எத்தனையாவது இடம், வகுப்பின் சராசரி என்ன என்பதெல்லாம் இருந்தன. தேறாத மதிப்பெண்ணின் கீழ் ஒரு கோடும் இருக்கும். இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளின் அறிக்கையில் அவை இல்லை. ஏன் எடுத்தார்கள்? முதலில் ஏன் வைத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் நாற்பது ஆண்டுக் கல்வி வரலாற்றில் இருக்கிறது.

அந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பிறக்கிறது. அந்தக் கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். அதே எண்ணிடம் வேறொரு கேள்வியைக் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

1979: யார் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு 1960ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் படித்தார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகள் பள்ளியை விட்டே போனார்கள். 1970களில் ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இப்படி இடையில் நின்றனர்.

இதை ஆராய அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ ஒரு குழுவை அமைத்தார். குழுவில் இருந்தவர்களில் பலர் கல்வியாளர்கள் அல்லர், முறைமைப் பொறியியலாளர்கள். ஒரு தொழிற்சாலையில் எந்த இடத்தில் பொருள் வீணாகிறது என்று பார்ப்பதுபோல், எந்த இடத்தில் பிள்ளைகள் உதிர்கிறார்கள் என்று எண்களை வைத்துப் பார்த்தார்கள். 1979இல் வெளிவந்த அறிக்கை அதற்கு ‘கல்வி விரயம்’ என்றே பெயர் வைத்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு இரண்டு மொழிகள் என்று திணறிய பிள்ளைகளின் நிலைமையும் அதில் பதிவாயிற்று.

தீர்வாக வந்ததுதான் தரம்பிரிப்பு. தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். சிலர் ஆறு ஆண்டுகளில் தொடக்கக்கல்வியை முடித்தார்கள், சிலர் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். உயர்நிலையில் சிறப்பு நிலை, விரைவு நிலை, வழக்க நிலை என்று மூன்று பாதைகள் உருவாயின. 1994இல் வழக்க நிலையில் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. பின்னாளில் இடைநிற்றல் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ‘யார் நின்றுவிடுகிறார்கள்?’ என்ற கேள்விக்குத் தரவு சரியான பதிலைச் சொன்னது. தேர்வுக்குக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இதை விட்டுவிடக்கூடாது. தரம்பிரிப்பின் குறைகளை மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் எழுதியதாகும்.

மறுபாதி என்ன? உதவிக்காக ஒட்டிய சீட்டு, பிள்ளையின் பெயராகவே மாறிப்போனது. ‘அவன் வழக்க நிலையில் படிக்கிறான்’ என்பது ‘அவன் அவ்வளவுதான்’ என்று கேட்கத் தொடங்கியது. எந்த வேகத்தில் கற்பித்தால் இந்தப் பிள்ளை நிற்காமல் படிக்கும் என்று அறிய வந்த அளவு அது. இவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல அது வரவேயில்லை.

டி-ஸ்கோர்: யார் யாருக்கு முன்னால்?

அடுத்த எண், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் டி-ஸ்கோர். பெற்றோரைக் கேட்டால் பலருக்கு மொத்த எண் நினைவில் இருக்கும், அது எப்படி வந்தது என்பது தெரியாது. கணக்கு எளிதுதான். உங்கள் மதிப்பெண்ணிலிருந்து எல்லாருடைய சராசரியைக் கழிக்க வேண்டும். வந்ததைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, பத்தால் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போமா? நீங்கள் ஒரு பாடத்தில் 80 வாங்கியிருக்கிறீர்கள். திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். எல்லாருடைய சராசரி 60 என்றால் உங்கள் டி-ஸ்கோர் 70. சராசரியும் 80 என்றால் அது 50தான். நீங்கள் படித்தது அதே அளவு, எழுதிய தாளும் அதே தாள். மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதால் உங்கள் எண் மாறிவிட்டது.

உயர்நிலைப் பள்ளிகளில் இடங்களைப் பங்கிட இந்த எண் வசதியாக இருந்தது. ‘யார் முன்னால்?’ என்பதுதான் அதற்கான கேள்வி. ‘என் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்?’ என்று பெற்றோர் கேட்டால் டி-ஸ்கோரிடம் பதில் கிடையாது. ஆனாலும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு புள்ளி கூடுவதற்காகத் துணைப்பாட வகுப்புகள் கூடின.

பள்ளிகளும் தப்பவில்லை. 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளின் தரவரிசை வெளியிடப்பட்டது. 2004இல் அது குழுப்பிரிவாக மாறியது, 2012இல் அதுவும் கைவிடப்பட்டது. அதே 2012இல்தான் இறுதியாண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவரின் பெயரை அறிவிக்கும் வழக்கமும் நின்றது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில், டி-ஸ்கோரை விலக்கப் போவதாகப் பிரதமர் லீ சியன் லூங் சொன்னார்.

அதற்குப் பதிலாக வந்த அடைவுநிலை முறையில் 2021ஆம் ஆண்டு மாணவர்கள் முதன்முதலாகத் தேர்வு எழுதினார்கள். 90 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் அடைவுநிலை, 85 முதல் 89 வரை இரண்டாம் அடைவுநிலை, இப்படியே எட்டு வரை போகும். நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்த மொத்தம் 4, கடைசி 32. இருநூற்றுக்கும் மேற்பட்ட மொத்த எண்கள் இருந்த இடத்தில் இப்போது 29தான். பக்கத்து இருக்கையில் இருப்பவர் என்ன எழுதினாலும் உங்கள் அடைவுநிலை மாறாது. கேள்வியே மாறிவிட்டது: ‘உனக்கு எவ்வளவு தெரியும்?’

ஆனாலும், ‘ஐயோ, ஒரு மார்க்குல போச்சே, 89 ஆயிடுச்சே!’ என்ற குரல் இன்றும் கேட்கத்தான் செய்கிறது. கோடு எங்கே போட்டாலும் கோட்டின் ஓரத்தில் ஒரு பிள்ளை நிற்கும்.

2015: நீ எப்படி இருக்கே?

இதுவரை பார்த்த எல்லா எண்களும் பிள்ளையைப் பற்றிப் பேசின. பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. பீசா எனப்படும் அனைத்துலக மதிப்பீடு அதைக் கேட்டது. பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்தும் இந்த மதிப்பீட்டில் 15 வயது மாணவர்கள் பங்கேற்கிறார்கள். 2015இல் சிங்கப்பூர் மூன்று துறைகளிலும் முதலிடம் பெற்றது: கணிதத்தில் 564, அறிவியலில் 556, வாசிப்பில் 535. 2016 டிசம்பரில் இந்த முடிவு வந்தபோது எல்லாரும் பேசினார்கள்.

2017 ஏப்ரலில் அதே மாணவர்களின் நலன் பற்றிய தொகுதி வந்தது. குறைந்த மதிப்பெண் வாங்கிவிடுவோமோ என்று கவலைப்படுவதாகச் சொன்ன சிங்கப்பூர் மாணவர்கள் 86 விழுக்காட்டினர். அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 66. ‘தேர்வுக்கு நன்றாகத் தயார் செய்திருந்தாலும் மிகவும் பதற்றமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் 76 விழுக்காட்டினர். உறுப்பு நாடுகளின் சராசரி 55.

ஆசிரியர்களே, இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பயந்த பிள்ளையிடம் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? ‘நல்லா படிப்பா, பயம் தானா போயிடும்.’ நன்றாகப் படித்த பிறகும் பயம் போகவில்லை என்று நான்கில் மூன்று பேர் சொல்கிறார்கள். நம்முடைய ஆறுதல் வார்த்தை அவர்களுடைய அனுபவத்தோடு பொருந்தவில்லை. மதிப்பெண் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இது தெரிய வந்திருக்காது. முதல் பக்கத்தில் உள்ள பிள்ளையும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஒரு பள்ளியில் எத்தனை முறை சோதனை வைக்கிறார்கள் என்பதற்கும் பதற்றத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. சோதனையை அச்சுறுத்தலாகப் பார்க்கிறார்களா என்பதுதான் முக்கியமாக இருந்தது. தடுமாறும்போது ஆசிரியர் தனியாக உதவுகிறார் என்று சொன்ன மாணவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு பாடம் கற்கலாம். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆசிரியரின் உதவியால் பயம் குறைந்திருக்கலாம். பயம் குறைந்த பிள்ளை துணிந்து உதவி கேட்டிருக்கவும் கூடும். கேள்வித்தாள் இரண்டையும் பிரித்துக் காட்டாது. தரவைச் சான்றாகக் காட்டும் விடைகளில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதுங்கள், விடைக்கு எடை கூடும்.

2019க்குப் பிறகு

2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. தேர்ச்சி அறிக்கையிலிருந்து வகுப்பு இடம், சராசரி, தேறாத மதிப்பெண்ணின் கீழ்க்கோடு, வண்ணம் எல்லாம் நீங்கின. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகள் முழுமையாக நிறுத்தப்பட்டன. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவு நிலை, வழக்க நிலை என்ற பிரிவுகளே கிடையாது. ஒரே வகுப்பில் இருந்தபடி ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் ஆற்றலுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு மாற்றங்களுக்குப் பிறகு வந்த 2022 பீசா மதிப்பீட்டிலும் சிங்கப்பூர் மூன்று துறைகளிலும் முதலிடத்தில்தான் இருந்தது. வகுப்பு இடத்தை அறிக்கையிலிருந்து எடுத்ததால் படிப்பு சரிந்துவிடவில்லை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இன்று பல பள்ளிகளில் மாணவர் நலன் குறித்துச் சிறு கருத்தாய்வு நடக்கிறது. ‘இந்த வாரம் எப்படி இருந்தது?’ என்று ஒன்று முதல் ஐந்து வரை குறிக்கச் சொல்கிறோம். நல்லதுதான். ஆனால் நாற்பது ஆண்டு வரலாறு சொல்லும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். கருத்தாய்வு செய்வதற்கு முன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, இதன் மூலம் எதை அறிய விரும்புகிறோம்? இரண்டாவது, விடை வந்ததும் யார், எப்போது, என்ன செய்யப் போகிறார்கள்? மூன்றாவது, இந்த எண் வேறு எதற்கும் பயன்படாது என்று பிள்ளைக்கு உறுதி சொல்ல முடியுமா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் பிள்ளைகள் எல்லாரும் ஐந்தைக் குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை டீச்சர்’ என்பதற்கு எண் வடிவம் அதுதான்.

வகுப்புச் சராசரி நான்கு என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ஒன்றைக் குறித்த ஒரே ஒரு பிள்ளை அந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கும். 1979இல் பொறியியலாளர்கள் சராசரியைப் பார்த்திருந்தால் உதிர்ந்த பிள்ளைகள் அவர்கள் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் விழுந்தவர்களைத் தேடினார்கள். அந்தத் தேடலை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம், சீட்டு ஒட்டுவதை விட்டுவிடுவோம்.

தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, உங்கள் கைக்கு வரும் மதிப்பெண், அன்றைய தாளில் கேட்டவற்றில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கான பதில். அந்தப் பதிலை மதியுங்கள், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று அது காட்டும். வேறு கேள்விகளை அதனிடம் கேட்காதீர்கள். பயம் இருந்தால், நன்றாகத் தயார் செய்த பிறகும் இருந்தால், அதை எழுதிக் காட்டத் தேர்வுத்தாளில் இடமில்லை. ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.