இணையப் படிவத்தில் பல வரி உரைப்பெட்டி: தோற்றமும் தமிழெழுத்தின் அளவும்

ஆய்வுச் சுருக்கம்

இணையப் படிவங்களில் நீண்ட உரையை உள்ளிடுவதற்குப் பயன்படும் பல வரி உரைப்பெட்டி 1993ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. வரி, நெடுவரிசை, எழுத்து ஆகிய மூன்று அளவுகளால் அது வரையறுக்கப்பட்டது. இவ்வளவுகள் துளையட்டையிலிருந்தும் கணினி முனையத்திலிருந்தும் வந்தவை; ஒவ்வோர் எழுத்தும் ஓரிடத்தையே கொள்ளும் என்னும் எண்ணத்தின்மேல் அமைந்தவை. அவ்வெண்ணம் தமிழுக்குப் பொருந்துவதில்லை. பெட்டியின் வரலாற்றை அதன் வரையறை ஆவணங்களின்வழித் தொகுத்து, தமிழ் உரையை அது எவ்வாறு அளக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உரைப்பெட்டி, இணையப் படிவம், எச்.டி.எம்.எல்., ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை, வரி முறிவு.

முன்னுரை

விண்ணப்பத்தில் முகவரி எழுதும் கட்டம், குறைதீர் மனுவில் குறையை விளக்கும் கட்டம், விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்தும் கட்டம் ஆகியவை தோற்றத்தில் வேறுபடினும், அடிப்படையில் பெரும்பாலும் ஒரே உறுப்பால் ஆனவை. எச்.டி.எம்.எல். மொழியில் அதன் பெயர் டெக்ஸ்ட்ஏரியா. பெயர், வயது, தொலைபேசி எண் போன்றவற்றை ஒரு வரிக் கட்டம் பெறுகிறது. ஒருவர் தம் சொற்களில் ஒன்றை எடுத்துரைக்க வேண்டிய இடத்தில் பல வரிப் பெட்டி வருகிறது. எனவே அதன் அளவு குறித்த வினா, ஒருவர் எவ்வளவு சொல்லலாம் என்னும் வினாவும் ஆகிறது.

எழுதும் கருவியாகத் தொடங்கிய இணையம்

டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினிக்காக உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றித் திருத்தவும் இடமளித்தது. நெக்ஸ்ட் கணினி வைத்திருந்தோர் சிலரே. பிற கணினிகளுக்காக 1991இல் வந்த வரிமுறை உலாவியில் படிக்க மட்டுமே இயன்றது. 1993இல் வெளிவந்து இணையத்தைப் பரவலாக்கிய மொசைக் உலாவியும் படிப்பதற்கான கருவியே. இதனால் இணையத்தைக் காண்போர் பெருகினர்; அதில் எழுதும் வழி பெரும்பாலோருக்கு அடைபட்டது.

அவ்வழி ஓரளவு மீண்டும் திறந்தது படிவங்களால் ஆகும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. நிறுவனம் உருவாக்கிய மொசைக் உலாவியின் 2.0 பதிப்பு நிரப்பத்தக்க படிவங்களைக் கொண்டு வந்தது. தொடக்கத்தில் பல வரி உரைக்கெனத் தனி உறுப்பு இல்லை. ஒரு வரிக் கட்டத்தின் அளவுப் பண்பிலேயே அகலம், உயரம் என இரண்டு எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதும் முறை இருந்தது. டெக்ஸ்ட்ஏரியா வந்தபின் அம்முறையைக் கைவிடுமாறு மொசைக்கின் படிவ விளக்க ஆவணம் அறிவுறுத்தியது.

இம்மாற்றத்திற்குப் பொருளுண்டு. ஒரு வரிக் கட்டத்தில் தொடக்க உரை, பண்பின் மதிப்பாக மேற்கோள் குறிகளுக்குள் அமைகிறது. அத்தகைய மதிப்பில் வரி முறிவு காக்கப்படும் என்னும் உறுதி இல்லை. டெக்ஸ்ட்ஏரியாவிலோ தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே உள்ள உள்ளடக்கமாக உரை நிற்கிறது; வரி முறிவுகளும் உரையின் பகுதியாகவே காக்கப்படுகின்றன.

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சில் தொடங்கிய முதல் விக்கித் தளம் இவ்வுறுப்பின் ஆற்றலை வெளிப்படுத்தியது. பக்கத்தின் முழு உரையையும் பெட்டிக்குள் இட்டு, யாரும் திருத்திச் சேமிக்கலாம் என்பதே அதன் முறை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இம்முறையின் வழிவந்ததே.

வரியும் நெடுவரிசையும்

1995 நவம்பரில் ஆர்.எப்.சி. 1866 என்னும் எண்ணோடு வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0 வரையறை, டெக்ஸ்ட்ஏரியாவுக்குப் பெயர், வரிகளின் எண்ணிக்கை, நெடுவரிசைகளின் எண்ணிக்கை ஆகிய பண்புகளை அளித்தது. பின்னிரண்டும் கட்டாயமானவை. அவை கண்ணுக்குத் தெரியும் பரப்பையே குறித்தன. அதனை மீறி எழுதினால் உரை உருண்டு செல்லும். 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4.0 வரையறையிலும் இக்கட்டாயம் தொடர்ந்தது.

எழுதும் பரப்பை வரியாலும் நெடுவரிசையாலும் அளக்கும் பழக்கம் இணையத்திற்கு மூத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஒரு நெடுவரிசைக்கு ஓர் எழுத்து. அதே நிறுவனம் 1971இல் வெளியிட்ட 3270 முனைய வரிசையில், திரையிலுள்ள கட்டங்களை நிரப்பி ஒரு விசையை அழுத்தினால் அனைத்தும் ஒருங்கே மையக் கணினிக்குச் செல்லும். இன்றைய இணையப் படிவத்தின் செயல்முறையும் இதுவே. 1978இல் வந்த வி.டி.100 முனையத்தின் திரை 80 நெடுவரிசைகளும் 24 வரிகளும் கொண்டது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் தன் திருத்தப் பெட்டிக்கு நெடுங்காலம் 80 நெடுவரிசை, 25 வரி என்னும் அளவையே இயல்பாகக் கொண்டிருந்தது.

இவ்வளவு முறைக்கு அடிப்படை, எல்லா எழுத்தும் ஒரே அகலம் உடையது என்பதாகும். தட்டச்சுப் பொறியிலும் முனையத்திலும் அது உண்மை. தமிழில் ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகன்றது, ‘கௌ’ அதனினும் விரிந்தது. எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தை நெடுவரிசை எண்ணால் பெருக்கியே இன்றைய உலாவி பெட்டியின் அகலத்தைக் கணிக்கிறது. ஆகவே 40 நெடுவரிசை எனக் குறித்த பெட்டியில் ஒரு வரிக்கு 40 தமிழெழுத்துகள் அமையும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 2014இல் பரிந்துரையாக ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5 இக்கட்டாயத்தை நீக்கியது. எண்கள் தரப்படாவிடின் 2 வரி, 20 நெடுவரிசை எனக் கொள்ளப்படும்.

வரி முறிவின் பயணம்

பெட்டிக்குள் காணப்படும் வரிகள் இருவகை. எழுதுபவர் விசையை அழுத்தி உண்டாக்குவது ஒன்று. பெட்டியின் விளிம்பை எட்டியதால் உரை தானே மடிவது மற்றொன்று. முன்னது உரையின் பகுதி. பின்னது தோற்றம் மட்டுமே. நெட்ஸ்கேப் உலாவி இவ்வேறுபாட்டைக் கையாள மடிப்புப் பண்பு ஒன்றைச் சேர்த்தது. எச்.டி.எம்.எல். 4.0 அதனை ஏற்கவில்லை, எச்.டி.எம்.எல். 5 மென்மடிப்பு, வன்மடிப்பு என இருவகையாக ஏற்றது. வன்மடிப்பில், உரையை அனுப்பும்போது மடிந்த இடங்களிலும் உண்மையான வரி முறிவுகள் புகுத்தப்படும்.

கணினிகளும் வரி முறிவை ஒரே வகையில் குறிக்கவில்லை. யூனிக்ஸ் ஒரு குறியையும், பழைய மெக்கின்டாஷ் வேறொரு குறியையும், விண்டோஸ் அவ்விரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தின. எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாலும் இருகுறி வடிவத்துக்கு மாற்றி அனுப்புமாறு எச்.டி.எம்.எல். 2.0 வரையறையே பரிந்துரைத்தது.

இவ்வாறு காக்கப்பட்ட வரி முறிவு, உரை மீண்டும் பக்கத்தில் காட்டப்படும்போது மறையக்கூடும். சாதாரண எச்.டி.எம்.எல். பத்தியில் வரி முறிவு ஓர் இடைவெளியாகவே காட்டப்படும். நான்கடி வெண்பாவைப் பெட்டியில் அடிபிரித்து எழுதினாலும், வழங்கியில் உரிய மாற்றம் செய்யாவிடின் அது உரைநடைபோல் ஒரே தொடராகத் தோன்றும். பி.எச்.பி. மொழியில் வரி முறிவைக் குறியாக மாற்றும் தனிச் செயற்கூறு இருப்பதும், வெண்வெளியைக் காக்கும் பண்பு சி.எஸ்.எஸ். மொழியில் இருப்பதும் இக்குறையை நீக்கவே. அடியமைப்பே யாப்பாகும் இலக்கியத்திற்கு இது சிறு செய்தியன்று.

இலத்தீன் பெட்டியில் தமிழ்

எச்.டி.எம்.எல். 2.0 வரையறை மேலும் ஒன்றைக் கூறியது: வேறு எழுத்துத் தொகுதிகளை ஏற்பதாக வழங்கி முன்னரே தெரிவித்திருந்தாலன்றி, பெட்டியிலிருந்து அனுப்பப்படும் உரை ஐ.எஸ்.ஓ. இலத்தீன்-1 தொகுதியில் இருத்தல் வேண்டும். தமிழ் 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த படிவ வரையறையின் இயல்பு நிலையில் அதற்கு இடமில்லை. 1997 ஜனவரியில் வந்த ஆர்.எப்.சி. 2070 இணையத்தின் எழுத்துத் தொகுதியை உலக மொழிகளுக்கு விரித்தது. ஏற்கத்தக்க எழுத்துத் தொகுதிகளைப் படிவத்திலேயே குறிக்கும் பண்பும் அதன்வழி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் தமிழ் இணையம் எட்டுபிட் எழுத்துருக்களை நம்பியிருந்தது. தமிழ் வடிவங்கள் இலத்தீன் தொகுதியின் இடங்களில் வைக்கப்பட்டன. தஸ்கி முறையும், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் முறைகளும் இவ்வகையின. பக்கத்திற்கு மட்டுமன்றி உரைப்பெட்டிக்கும் அதே எழுத்துரு குறிக்கப்பட்டிருந்தால்தான் எழுதுபவர் தமிழைக் காண இயலும். இல்லையேல் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தெரியும். விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டுவந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

ஒருங்குறி வந்த பின்னும் பழைய படிவங்கள் இடர் தந்தன. இலத்தீன்-1 எனக் குறித்த பக்கத்தில் தமிழை உள்ளிட்டால், அத்தொகுதியில் இல்லாத ஒவ்வொரு குறியும் எண்வடிவாக மாற்றப்பட்டுச் செல்லும். ‘த’ என்னும் ஓரெழுத்து, 2980 என்னும் எண்ணைத் தாங்கிய ஏழு குறிகளாகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் 35 குறிகளாக நீள்கிறது.

எழுத்தெண்ணும் முறை

பெட்டியில் உள்ளிடத்தக்க உரைக்கு உச்ச வரம்பு குறிக்கும் பண்பு எச்.டி.எம்.எல். 4.0 வரை ஒரு வரிக் கட்டத்திற்கே உரியது. எச்.டி.எம்.எல். 5 அதனைப் பல வரிப் பெட்டிக்கும் தந்தது. இவ்வரம்பு யூ.டி.எப்.-16 குறியலகுகளால் கணக்கிடப்பட வேண்டும் என்பது வரையறை. ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் உயிரெழுத்துக்கு ஓர் அலகு; அகரமேறிய உயிர்மெய்க்கு ஓர் அலகு; புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி அலகு. எனவே ‘க’ ஓரலகு. ‘க்’, ‘கா’, ‘கி’ ஆகியன ஈரலகு.

‘நூற்றாண்டு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இலக்கணப்படி நூ, ற், றா, ண், டு என ஐந்து எழுத்துகள். கணினிக்கோ பத்து அலகுகள். யூ.டி.எப்.-8 முறையில் சேமிக்கையில் ஒவ்வோர் அலகும் மூன்று பைட்டு பெறுவதால் முப்பது பைட்டுகள். 500 எழுத்துகளுக்கு மிகாமல் எழுதுக என்று ஒரு படிவம் கூறி, அவ்வெண்ணையே வரம்பாக வைத்தால், இத்தகைய சொற்களால் ஆன உரையில் 250 எழுத்துகளே அடங்கும். எல்லாச் சொற்களிலும் இவ்விகிதம் அமைவதில்லை; ‘பகல்’ மூன்றெழுத்துக்கு நான்கு அலகே கொள்கிறது. ஆயினும் அறிவிப்பில் உள்ள ‘எழுத்து’ தமிழ் எழுத்தன்று என்பது தெளிவு. ஆங்கிலத்தில் மனு எழுதுபவர் அதே வரம்பில் 500 எழுத்துகளையும் பெறுகிறார்.

வரம்பை மீறிய உரையை வழங்கி எண்ணால் வெட்டும்போது இழப்பு மேலும் கூடும். ‘தமிழ்’ நான்காம் அலகில் வெட்டப்பட்டால் ‘தமிழ’ என நிற்கும். பைட்டு எண்ணிக்கையால் வெட்டினால் ஒரு குறியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலும் வெட்டு விழலாம். அப்போது அவ்வெழுத்தே சிதைகிறது.

எழுத்தை எண்ணுவது தமிழுக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் வரும். அக்கணக்கில் ஒற்று சேர்வதில்லை. அம்முறையில் ‘நூற்றாண்டு’ மூன்றெழுத்துச் சொல். இலக்கண எண்ணிக்கை ஐந்து, யாப்பு எண்ணிக்கை மூன்று, கணினி எண்ணிக்கை பத்து. எண்ணுவதன் நோக்கம் எது என்பதைப் பொறுத்தே எண்ணும் அலகு அமைகிறது. யாப்பு ஓசைக்காக எண்ணியது. ஒற்றை நீக்கியதைச் சொல்லியே எண்ணியது. படிவமோ சேமிப்பிற்காக எண்ணுகிறது; தன் அலகை எழுதுபவருக்குச் சொல்வதில்லை.

தீர்வு எட்டாததன்று. பயனர் ஓரெழுத்தாக உணரும் தொகுதியைப் பிரிக்கும் விதிகளை ஒருங்குறியின் 29ஆம் இணைப்பு வரையறுத்துள்ளது. மெய்யும் புள்ளியும் ஓரெழுத்து, மெய்யும் உயிர்க்குறியும் ஓரெழுத்து என்னும் அதன் பகுப்பு, ‘க்ஷ’ போன்ற கிரந்தக் கூட்டுகள் நீங்கலாகத் தமிழ் இலக்கணத்தின் எண்ணிக்கையோடு பெரிதும் ஒத்துள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இவ்வாறு பகுக்கும் வசதி உண்டு. படிவம் அமைப்பவர் அதனைக் கொண்டு எண்ணிக் காட்டலாம். சேமிப்பு வரம்பைத் தமிழெழுத்தின் அலகுகளுக்கேற்ப உயர்த்தலாம்.

முடிவுரை

1993இல் தோன்றிய பல வரி உரைப்பெட்டி, படிப்போரை மீண்டும் எழுதுவோர் ஆக்கியது. அதன் வரியும் நெடுவரிசையும் துளையட்டை, முனையம் ஆகியவற்றின் எச்சங்கள். அவற்றின் கட்டாயம் எச்.டி.எம்.எல். 5இல் நீங்கியது, இலத்தீன்-1 என்னும் தடை ஒருங்குறியால் நீங்கியது. ஓர் எழுத்து ஓரிடம் என்னும் பழைய எண்ணம் மட்டும் உச்ச வரம்பின் வடிவில் இன்னும் நிலைக்கிறது. தமிழ்ப் படிவங்களில் ‘எழுத்து’ என்று குறிக்கப்படுவது தமிழ் எழுத்தாகவே எண்ணப்பட வேண்டும். இயலாத இடத்தில் எண்ணும் அலகாவது தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். தம் குறையைத் தமிழில் எழுதுபவர், அம்மொழியில் எழுதுவதாலேயே குறைவாகச் சொல்ல நேரும் நிலை நீங்குவதற்கு இதுவே முதற்படி.