வீட்டு மின்கம்பி ஆய்வும் மேல்முறையீட்டு உரிமையும்

ஒரு வீட்டின் மின்கம்பி அமைப்பு (வயரிங்) பழுதுள்ளது எனக் கூறி மின்வழங்குநர் இணைப்பு தர மறுக்கும்போது, அம்முடிவை எதிர்த்து அரசின் மின் ஆய்வாளரிடம் முறையிடும் உரிமை இந்தியாவில் சட்டவழி பெறப்பட்ட ஒன்றாகும். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 52 ஆம் விதி இதனைத் தெளிவாக வரையறுத்தது.

பின்னணி

வீடுகளுக்கு மின்விளக்கு வந்த தொடக்க காலத்தில் பெரிய அச்சம் தீ விபத்தே. 1882 இல் இலண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம் மின்விளக்கினால் உண்டாகும் தீயைத் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. இன்றைய பிரித்தானிய வயரிங் விதிகளுக்கு அதுவே முன்னோடி. இந்தியாவில் கல்கத்தா மின்விளக்குச் சட்டம் 1895 இலும், இந்திய மின்சாரச் சட்டங்கள் 1903, 1910 ஆகிய ஆண்டுகளிலும் இயற்றப்பட்டன. 1910 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு மின் ஆய்வாளர்களை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

அக்காலத்தில் நகரங்களில் மின்சாரம் விற்றவை பெரும்பாலும் உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள். மின்சாரத்தை விற்பவரே வீட்டைச் சோதிப்பவராகவும், இணைப்பைத் துண்டிப்பவராகவும் இருந்தார். ஆகவே இருவருக்கும் பொதுவான மூன்றாம் நபர் ஒருவர் தேவைப்பட்டார். பின்னாளில் மாநில மின்வாரியங்கள் வந்தபோதும் (சென்னை மாநிலத்தில் 1957 சூலை 1) இத்தேவை மாறவில்லை. வாரியமும் மின்வழங்குநரே என்பதால், மின் ஆய்வுத் துறை அதனின்று தனித்தே இயங்கியது.

விதிகள் செயற்பட்ட முறை

47 ஆம் விதியின்படி, புதிய இணைப்புத் தரும் முன் மின்வழங்குநர் வீட்டின் வயரிங்கைச் சோதித்து முடிவுகளைப் பதிவு செய்ய வேண்டும். ஆபத்து உண்டெனக் கண்டால், செய்ய வேண்டிய திருத்தங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. 49 ஆம் விதி ஏற்கெனவே இணைப்புள்ள வீட்டில் ஏற்படும் மின்கசிவைப் பற்றியது. மின்காப்புத் தடை பாதுகாப்பற்ற அளவுக்குக் குறைந்திருந்தால், 48 மணி நேர எழுத்து அறிவிப்புக்குப் பின் இணைப்பைத் துண்டிக்கலாம்.

இவற்றை ஏற்காத நுகர்வோர் 52 ஆம் விதியின் கீழ் மின் ஆய்வாளரிடம் முறையிடலாம். ஆய்வாளர் 7 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். குறை இல்லை என அவர் முடிவு செய்து தெரிவித்தால், 24 மணி நேரத்திற்குள் மின்சாரம் வழங்கப்பட வேண்டும். இவ்விதியின் வாசகத்தை மறுப்பு அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்பது இதன் சிறப்பு. சட்டம் படிக்காதவருக்கும், இணைப்பை மறுத்த அதே தாளில் முறையிடும் வழி தெரிந்தது.

செலவு பற்றி 53 ஆம் விதி கூறியது. முதல் சோதனையின் செலவு மின்வழங்குநருடையது, அடுத்தடுத்த சோதனைகளின் செலவு நுகர்வோருடையது. மேல்முறையீட்டில் ஆய்வாளர் இதனை மாற்றி ஆணையிடலாம்.

அளவீட்டின் பங்கு

"வயரிங் சரியில்லை" என்பது வெறும் கருத்தாக இருந்தால் வழக்குத் தீராது. அதனை எண்ணாக மாற்றியது மின்காப்புத் தடையை அளக்கும் கருவி. இங்கிலாந்தின் சிட்னி எவர்ஷெட் 1889 இல் எடுத்துச் செல்லத்தக்க கருவியை உருவாக்கினார். 1903 முதல் அது 'மெக்கர்' என்னும் வணிகப் பெயரைப் பெற்றது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 732 நெறிமுறையின் முந்தைய பதிப்பின்படி, 50 ஐ மின்முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேண்டிய குறைந்த அளவு மெகா ஓமில் கிடைத்தது. ஆனால் முழு அமைப்புக்கும் 1 மெகா ஓமுக்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனவே 100 முனைகள் உள்ள கட்டடத்திற்கு 0.5 மெகா ஓம் போதுமானதாக இருந்தது. 20 முனைகள் உள்ள வீட்டிற்குக் கணக்கு 2.5 என்று வந்தாலும் 1 மெகா ஓமே போதுமானதாக இருந்தது.

ஒரே வீட்டில் இருவர் அளந்து இரு எண்கள் வருவதும் உண்டு. மழைக்காலத்தில் சுவர் ஈரத்தால் தடை குறையும். இரு கம்பிகளுக்கு இடையே சோதிக்கும்போது விளக்குகளைக் கழற்றாவிட்டால், அவற்றின் வழியே மின்னோட்டம் சென்று நல்ல வயரிங்கும் பழுதுள்ளதாகத் தோன்றும். மறுசோதனை அவசியமாவது இதனால்தான்.

இன்றைய நிலை

2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1910 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. அதன் 162 ஆம் பிரிவு மின் ஆய்வாளர் பதவியைத் தொடர்ந்ததோடு, ஆய்வாளரின் முடிவின் மீதும் மேல்முறையீட்டுக்கு வழி செய்தது. 1956 விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010 இலும், பின்னர் 2023 இலும் வந்தன.

இந்த உரிமை மின்வழங்குநரின் முடிவுக்கு எதிரானது. வீட்டுக்காரர் கூலி கொடுத்து அழைத்த வயர்மேன் சொல்லும் குறையை இதன்வழி வழக்காக்க இயலாது. அதற்கு உரிமம் பெற்ற வேறொரு ஒப்பந்தக்காரரிடம் எழுத்து மூலம் சோதனை அறிக்கை பெறலாம். மேலும், குறை மெய்யாகவே இருந்தால் முறையீடு அதனை மறைக்காது. இல்லாத குறைக்காக ஒரு வீடு இருட்டில் இருக்கக் கூடாது, இருக்கும் குறையால் ஓர் உயிர் போகவும் கூடாது என்னும் இரண்டையும் ஒருசேரக் காப்பதே இவ்விதிகளின் நோக்கமாகும்.