இரும்பு விண்கல்: அடையாளமும் வகைப்பாடும்

கையில் எடுத்தால் கனம். காந்தம் வைத்தால் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டை மட்டும் நம்பி ஒரு கறுத்த கட்டியை விண்கல் என்று சொல்வது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆபத்து. அங்குள்ள சுங்கை பீசி என்ற ஊர்ப்பெயருக்கு மலாயில் ‘இரும்பாறு’ என்று பொருள். அங்கே வெட்டியதென்னவோ ஈயம். ஈயம் கழுவியபின் மிஞ்சும் ‘அமாங்’ மணலில் உள்ள கறுத்த இல்மனைட்டும் காந்தத்துக்கு லேசாக அசையும். ரயில்வே யார்டாக இருந்த பிரிக்பீல்ட்ஸ் மாதிரியான மண்ணில் உலைக்கசடு கிடைத்தாலும் வியப்பில்லை.

முதல் சல்லடை அடர்த்தி. இல்மனைட் நீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு கனம். இரும்பு விண்கல் 8 மடங்கை ஒட்டி நிற்கும். கசடில் காற்றுக்குமிழ்த் துளைகள் தெரியும். ஆனால் சாதாரண வார்ப்பிரும்பு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும்.

அடுத்தது நிக்கல். விண்கல் இரும்பில் அது பொதுவாக 5 விழுக்காட்டுக்குக் குறையாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்திலும் நிக்கல் இருக்கலாமே என்றால், அதில் குரோமியமும் தாராளம். விண்கல் உலோகத்தில் குரோமியம் மிகக் குறைவு, கோபால்ட் சற்று உண்டு.

அறுத்து, மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் தடவினால் பல கற்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் எழும். வியன்னாவில் 1808-இல் அலாயிஸ் ஃபான் விட்மன்ஸ்டாட்டன் கவனித்த கோலம் இது. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்ற மந்த வேகத்தில் ஆறிய உலோகத்தில், நிக்கல் குறைந்த கமசைட்டும் மிகுந்த டேனைட்டும் பிரிந்ததால் வருவது. எந்த உலையும் இதைப் போலி செய்ய முடியாது. நிக்கல் மிகக் குறைந்த, மிகக் கூடிய கற்களில் இது தெரியாது என்பதையும் சொல்லவேண்டும்.

பட்டையின் அகலம் பார்த்துப் பிரித்த பழைய முறைக்குமேல், காலியம், ஜெர்மானியம், இரிடியம் அளவுகளைக் கொண்டு ஜான் வாசன் முதலியோர் வேதிக்குழுக்களை வகுத்தனர். 1898-இல் கிடைத்த 15.9 கிலோ கொடைக்கானல் விண்கல் இவற்றில் ‘இரண்டு-ஈ’ குழு. உலோகத்துக்குள் கல் துளிகள் சிக்கிய அபூர்வம் அது. அத்துளிகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டு. பெரும்பாலான இரும்பு விண்கற்களைவிட இளையது. சிறுகோள் ஒன்றின்மேல் பின்னாளில் நேர்ந்த மோதலில் உலோகமும் பாறையும் உருகிக் கலந்தது என்பது ஒரு முக்கிய விளக்கம்.

சாவாவின் பிரம்பனான் விண்கல் கெரிஸ் குறுவாள்களில் ‘பாமோர்’ எனப்படும் வெண்ணிற வரிகளுக்கு உலோகம் தந்தது. எல்லாப் பாமோரும் வானத்து நிக்கல் அல்ல. சுலவேசியின் நிக்கல் கலந்த இரும்பும் உண்டு. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் கெரிஸைப் பார்ப்பவர் அந்த வரிகளை விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்று எண்ணிவிடலாகாது. கொல்லனின் உலைச்சூடு அதை முதலிலேயே அழித்துவிடும். கண்ணுக்குத் தெரிவது சம்மட்டி மடித்த அடுக்கு.