மகமையும் பிடி அரிசியும்: திருச்சுழிச் சீமையின் பொதுப்பணி மரபு

ஊரிலுள்ளோர் குறித்த நாளில் ஒன்றுகூடி, சந்தா செலுத்தி, அந்தப் பணத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செலவிடும் அமைப்பு என்றால் இன்று ரோட்டரி, அரிமா போன்ற சங்கங்களே நினைவுக்கு வரும். சிகாகோவில் 1905-இல் தோன்றிய ரோட்டரி 1920-இல் கல்கத்தா வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அரிமா சங்கம் 1917-இல் அமெரிக்காவில் பிறந்தது. ஆனால் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கமுதியும் அடங்கிய வறண்ட கரிசல் சீமையில், கூடிப் பேசிக் கூட்டாக ஈயும் வழக்கம் இச்சங்கங்கள் வருவதற்கு முன்பே முறையான நிருவாகத்தோடும் கணக்கோடும் வேரூன்றியிருந்தது. உறவின்முறை என்னும் அமைப்பும் மகமை என்னும் நிதியும் அதன் இரு தூண்கள்.

வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பி வாழும் இந்த நிலத்தில், தனியொருவர் ஒருமுறை தந்துவிட்டுப் போகும் கொடையைவிட, ஆண்டுதோறும் வற்றாமல் பயன்தரும் ஏற்பாட்டுக்கே மதிப்பு அதிகம். திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடம் கோயில் கல்வெட்டுகள், நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் தானமாக விடப்பட்டதைத் தெரிவிக்கின்றன. இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டு வழக்கில் ‘சாவா மூவாப் பேராடு’ என்பர். அதாவது, சில ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காத்து, விளக்குக்குரிய நெய்யைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பது பொறுப்பேற்ற இடையரின் கடமை. முதல் குறையாமல் பயனை மட்டும் அறத்துக்கு எடுத்துக்கொள்ளும் இக்கருத்து இப்பகுதிக்கு அவ்வளவு பழையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கருத்து வணிகத்தின் வழியே புது வடிவம் கொண்டது. கருப்பட்டி, பருத்தி, புகையிலை முதலிய சரக்குகளை மாட்டுவண்டியிலும் பொதிமாட்டிலும் ஏற்றிச் சென்ற நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியிருந்த அக்காலத்தில், தங்கிச் செல்வதற்கெனப் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது வண்டிகளை நிறுத்தவும், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவும், சரக்கை இருப்பு வைத்து விற்கவும் வசதியுள்ள, மதிலால் சூழப்பட்ட இடம். சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இவ்வணிகத்தின் நிலைக்களன்களாக வளர்ந்தன; இவற்றுள் விருதுபட்டியே 1923-இல் விருதுநகர் எனப் பெயர் மாறியது.

பேட்டையைப் பராமரிக்கத் தேவைப்பட்ட பொதுப்பணமே மகமை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கின் அளவை ஒட்டி அது பிடிக்கப்பட்டதால், வணிகம் பெருகியவர் கூடுதலாகவும் சிறு வணிகர் குறைவாகவும் செலுத்தினர். எவரும் மனமிரங்கித் தரும்வரை பொதுப்பணி காத்திருக்கவில்லை. இந்நிதியை ஆண்டது உறவின்முறை, அதாவது ஓர் ஊரிலுள்ள நாடார் குடும்பத் தலைவர்கள் யாவரும் உறுப்பினராக அமர்ந்த சபை. வசூலிலும் செலவிலும் பொறுப்புடையவர் முறைகாரர் எனப்பட்டார். அப்பொறுப்பு ஒருவரிடமே நிலைத்துவிடாமல் முறை வைத்துப் பலரிடம் மாறியது. சபை கூடும்போது வரவு செலவு பார்க்கப்பட்டதோடு உறுப்பினரிடையே எழுந்த வழக்குகளும் தீர்க்கப்பட்டன. பேட்டைக்குப் பிறகு கிணறு, கோயில், திருவிழா என விரிந்த மகமை, இறுதியில் கல்வியைத் தன் முதற்கடமையாக ஏற்றது.

1880-களில் குண்டாற்றின் கரையில் திருச்சுழிக்குக் கீழே அமைந்த கமுதியிலும், விருதுபட்டியிலும் மகமைப் பணத்தில் சத்திரிய வித்தியாசாலைகள் எழுந்தன. விருதுபட்டிப் பள்ளிக்கு மற்றொரு வலுவாக அமைந்தது பிடி அரிசித் திட்டம். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வாறு சேர்ந்ததைத் திரட்டி விற்றுப் பள்ளிச் செலவுக்குத் தருவர். சபையில் ஆண்களே அமர்ந்த அக்காலத்தில், கல்விக்கான இந்தக் கொடை நாள் தவறாமல் பெண்களின் கையால் நடந்தது என்பதை வரலாறு அழுத்தமாகப் பதிய வேண்டும். 1903-இல் பிறந்த காமராசர் சிறுவனாகப் படித்தது இப்பள்ளியில்தான். பின்னர் முதலமைச்சராக அவர் 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது ஊரார் தந்த நன்கொடையை ஊன்றியே நடந்தது. அடுத்து அரசு செலவின் பெரும்பங்கை ஏற்றபோதும் மீதியை ஊர் தந்தது. பிடி அரிசியால் நடந்த பள்ளியின் மாணவர் ஒருவர் மாநிலம் முழுவதற்குமான பள்ளிச் சோற்றுக்கு வழிகண்டார்.

இம்மரபின் எல்லைகளையும் மறைக்கலாகாது. உறவின்முறையில் சேரும் உரிமை பிறப்பால் வந்தது. ஒரே சாதியாரே அதன் உறுப்பினர். கட்டுப்பாட்டை மீறியவரை விலக்கி வைக்கும் கடுமையும் அதற்கு இருந்தது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன்னைத் தானே காத்துக்கொள்ள எழுப்பிய அரண் என்பதால், அது முதலில் தன்னவரையே நோக்கியது இயல்பு. எனினும் வித்தியாசாலைகளில் பிற சமுதாயப் பிள்ளைகளுக்கும் இடமளிக்கப்பட்டது. 1910-இல் நாடார் மகாசன சங்கம் தோன்றி ஊர் அமைப்புகளை இணைத்த பின் இம்முயற்சி மேலும் வளர்ந்தது. விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், அருப்புக்கோட்டையில் 1970-இல் சைவ பானு சத்திரியக் கல்லூரியும் எழுந்தன. சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு பேருந்தில் சென்று வரும் தொலைவுக்கு வந்தது.

ரோட்டரி, அரிமா போன்ற சங்கங்களில் ஒருவர் தம் விருப்பத்தால் சேர்கிறார். உறவின்முறையில் பிறந்தவர் இருக்கிறார். இந்த வேறுபாட்டில் சங்கமே மேலானது. இன்றைய பொதுப்பணிக்குச் சாதி எல்லையாக இருத்தல் தகாது. ஆனால் வருவாய்க்கேற்ற பங்கு, முறை மாறும் பொறுப்பு, சபை நடுவே விரிக்கப்படும் கணக்கு ஆகிய மூன்றையும் எந்தச் சங்கமும் மகமையிடமிருந்து கற்கலாம். மழை பொய்க்கும் சீமையில் பள்ளிகள் நிலைத்தது செல்வர் சிலரின் பெருங்கொடையால் மட்டுமன்று. சிறுபங்கு தந்த பலர் தம் கடமையை ஒரு நாளும் நிறுத்தாததால்தான்.