லின்னேயஸ் டிரைப் (1822–1902)

தமிழகக் கோயில்களையும் கோட்டைகளையும் முறையாகப் படமெடுத்த முதல் ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவர். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்தவர். தாயகத்துக்கு விடுப்பில் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1854-இல் ஹளேபீடு, பேளூர் கோயில்களை அவர் எடுத்த படங்கள் அடுத்த ஆண்டு மதராஸ் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றன.

1855-இல் பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவில் அரசு ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். பின்னர் மதராஸ் மாகாண அரசே அவரை அந்தப் பணியில் அமர்த்தியது.

1857 டிசம்பரில் தொடங்கிய நெடும்பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமாக்கினார். அவர் கையாண்டது பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகடிவ். அதில் வானம் வெறுமையாக விழும் என்பதால், நெகடிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டுவார். பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. நடமாடும் மனிதர்கள் படத்தில் தங்கவில்லை. மதுரையின் திருமலை நாயக்கர் அரண்மனையும் புது மண்டபமும் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனையிலும் தலைசிறந்தது தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலைதான். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் சோழர் கல்வெட்டுகளை ஒரே பார்வையில் அடக்க எந்த லென்ஸாலும் முடியாது. டிரைப் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் கோயிலுக்கு அளித்த கொடைகளைச் சொல்லும் அக்கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அழகுக்காக மட்டும் எடுத்தவர் சிற்பங்களோடு நின்றிருப்பார். எழுத்துக்காக இவ்வளவு பாடுபட்டவரைத் தமிழ் வரலாறு தனியே நினைக்க வேண்டும்.

1858-இல், அமராவதியிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த பௌத்தச் சிற்பங்களையும் படமெடுத்தார். மதுரை, தஞ்சைப் படங்கள் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன.

1859-இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெல்யன் ஒளிப்படப் பணியை ஆடம்பரச் செலவு எனக் கருதி ஒளிப்படப் பிரிவை மூடினார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு மிகக் குறைவாகவே படமெடுத்தார். ஓய்வுபெற்று, பிறந்த ஊரிலேயே காலமானார். அவருடைய படங்களின் பெருங்கண்காட்சி 2014-இல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் தொடங்கி, நியூயார்க்கிலும் லண்டனிலும் நடந்தது.